ஐஸ் வரைதல்

தடைக்காலம். அறுபத்தோரு நாள்.
குளச்சலில் விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்க
எங்கள் ஐஸ் பிளான்டில்
ஒரு தொட்டிதான் ஓடுகிறது.
கணக்கெழுத நாளைக்கு நாலு வரி.
மிச்ச நேரத்துக்கென்று
நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் வாங்கி வந்தேன்
பன்னிரண்டு வில்லை வாட்டர்கலர்,
இரண்டு பிரஷ், தடித்த தாள் பத்து.
விலையை வீட்டில் சொல்லவில்லை.

எதை வரைய?
கடலை எல்லாரும் வரைகிறார்கள்.
மேசைக்கு எதிரே நின்றது
ஐம்பது கிலோ ஐஸ் பார் ஒன்று.

முதலில் சிரட்டைக் கரி.
கறுப்பை வைத்து வெளிச்சத்தைப் பிடிக்கிற வேலை.
பாரின் ஓரம் கண்ணாடி,
நடுவில் பால் திரிந்ததுபோல் ஒரு மூட்டம்.
விரலால் தேய்க்கத் தேய்க்க
இரண்டும் ஒன்றாகிப்போனது.
லோடு ஏற்றுகிற கிளீட்டஸ் எட்டிப் பார்த்து
"பீரோவா பிள்ளே?" என்றான்.

சவத்த விடு என்று வாட்டர்கலருக்குப் போனேன்.
அதற்கு வேறு சட்டம்.
பெட்டியில் வெள்ளை வில்லை இருக்கும், தொடக் கூடாது.
வெள்ளை வேண்டிய இடத்தில்
தாளைச் சும்மா விட்டுவிட வேண்டும்.
இளசு முதலில், அடர்த்தி பிறகு.
வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது.
எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்.
வெள்ளத்தை வைத்தே வெள்ளத்தை வரையப் போகிறேன்
என்று தோன்றியதும் கை நடுங்கிற்று.
ஈரத் தாளில் ஒரு சொட்டு நீலம்.
என்னைக் கேட்காமலே நடந்து
ஓரத்தில் போய்க் காலிஃபிளவராய் வெடித்தது.

பொறுமை கெட்டு எண்ணெய் வர்ணம் வாங்கினேன்.
மனசு மாறுகிறவர்களுக்கான வர்ணம் அது,
நேற்றுப் பூசியதை இன்று வழித்தெடுக்கலாம்.
அடியில் மெலிசாக,
மேலே வர வர எண்ணெய் கூட்டி.
எல்லாம் சரிதான், எடவப்பாதி மழைக்கு
யார் பதில் சொல்வது?
பதினேழு நாளாகியும் விரலில் ஒட்டுகிறது.
நிஜ ஐஸ் உருக ஒரு பகல் போதும்;
துணியில் இருக்கிற ஐஸ்
இன்னும் காயவில்லை.

அக்ரிலிக்கோ யோசிப்பதற்குள் காய்ந்துவிடும்.
கத்தியால் அப்பினேன்,
கிறிஸ்மஸ் கேக் கிடைத்தது.
முட்டையின் மஞ்சள்கருவில் பொடியைக் குழைத்து
நூல்நூலாய்க் கோடிழுத்துப் பார்த்தது ஒரு ஞாயிறு.
மத்தியானம் பிளான்டுப் பூனை
படத்தின் கீழ்ப்பாதியை நக்கித் தீர்த்திருந்தது.

இத்தனைக்கும் நடுவே ஒன்று மட்டும் தெரிந்தது.
ஐஸுக்கென்று சொந்தமாய் நிறமே இல்லை.
அமோனியாக் குழாயின் மஞ்சள் ஒரு கோடு,
பாசி பிடித்த சுவரின் பச்சை,
கிளீட்டஸ் குறுக்கே போனால்
அவன் கைலியின் காவி.
அவன் போனபின் அந்த இடம் காலி.
இருபத்தெட்டு வயதிலிருந்து
இந்த பார்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஒரு தடவையும் பார்த்ததில்லை.

ஜூலை கடைசி ராத்திரி
எல்லாத் தொட்டியும் ஓடத் தொடங்கியது.
வாசலில் வண்டிகளின் வரிசை,
கூப்பாடு, டீசல் புகை.
டின்னிலிருந்து பார் நழுவி விழுவதற்கும்
நொறுக்கும் இயந்திரத்துக்குள் போவதற்கும் இடையே
எனக்கு நாலு நிமிஷம்.
தாளை நனைத்தேன். நீலம், சுவரின் பச்சை கொஞ்சம்.
நடுவில் அந்த மூட்டம் மட்டும் வரவில்லை.

தொட்டிக்குப் போட வைத்திருந்த
உப்பு மூட்டை பக்கத்தில் கிடந்தது.
எந்தத் துணிச்சலில் என்று தெரியாது,
ஒரு சிட்டிகை அள்ளி
ஈரத்தின் மேல் தூவினேன்.

கல்லுப்பு நின்ற இடத்தில் நின்று
நிறத்தைக் குடித்தது.
ஒவ்வொரு மணியைச் சுற்றியும்
வெள்ளை முள்முள்ளாய்க் கிளம்பி
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது.
தொட்டிக்குள் உறைய வைக்கிற அதே உப்பு.

கிளீட்டஸ் கையைக் கைலியில் துடைத்துவிட்டு
தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தான்.
சிரிக்கவில்லை.
"எந்தத் தொட்டி பார் இது?"

மூணாம் தொட்டி என்றேன்.

தாள் நெளிந்துதான் இருக்கிறது.
அடுத்ததுக்கு நாலு ஓரமும்
முதலிலேயே டேப் ஒட்ட வேண்டும்.